உறைபனிக் காலத்தில் தோட்டத் தடாக மீன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் பின்வளவில் சிறு தடாகம் வெட்டித் தங்கமீனோ கோய் கெண்டையோ வளர்க்கும் நம்மவர்கள், இலையுதிர்காலம் வந்ததும் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். வெப்ப நாட்டில் மீன் வளர்த்துப் பழகியவர்களுக்கு, தண்ணீரின்மேல் ஒரு சாண் பனிக்கட்டி படர்ந்து கிடக்க அதன் கீழே மீன் உயிரோடு இருக்கும் என்று நம்புவதே முதலில் கடினம். என்னுடைய முதற் குளிர்காலத்தில், முழங்கால் ஆழத் தடாகத்தில் விட்டிருந்த ஒன்பது தங்கமீன்களில் ஏழு, மார்ச் மாதம் பனி உருகியபோது செத்து மிதந்தன. குளிர் தாங்காமல் இறந்துவிட்டன என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். நான் அள்ளாமல் விட்ட மேப்பிள் இலைகளும், ஒரு துவாரமும் இல்லாமல் மூடிவிட்ட பனிக்கட்டியும் சேர்ந்து அவற்றின் மூச்சை அடைத்தன என்பது பிறகுதான் விளங்கியது.

தண்ணீர் உறைந்தால் மீனும் உறைந்துவிடாதா?

தடாகம் அடிவரை உறையாதவரை மீன் உறையாது. தண்ணீர் ஏறத்தாழ 4 பாகை செல்சியசில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். அதற்கும் கீழே குளிரும்போது மீண்டும் இலேசாகி மேலே வந்து, அங்கேயே உறைந்து மிதக்கிறது. அதனால் பனிக்கட்டிக்கு அடியில், தடாகத்தின் ஆழமான பகுதியில், ஓரளவு மிதமான நீர் தங்கி நிற்கிறது. மேலே கிடக்கும் பனிக்கட்டியும் அதன்மேல் விழுந்த பனியும், கடுங்காற்று நீரைத் தொடாதபடி போர்வைபோல் காக்கின்றன.

மீன் தன் உடல் வெப்பத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உயிரினம் அல்ல. நீரின் வெப்பநிலையே அதன் உடலின் வெப்பநிலை. நீர் குளிரக் குளிர இதயத் துடிப்பும் செவுள் அசைவும் மெதுவாகி, அது துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு அடியில் கூட்டமாக அசையாமல் நிற்கும். அந்த நிலையில் அதற்கு மிகக் குறைந்த ஒட்சிசனே போதும். குளிர்ந்த நீர் அதிக ஒட்சிசனைத் தாங்கக்கூடியது என்பதும் நமக்குச் சாதகம்: 25 பாகையில் ஒரு லீற்றர் நீர் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 4 பாகையில் அது 13 மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஆழம் குறைந்த தடாகங்களில் மட்டும் இந்த 4 பாகை அடுக்கு நிலைத்து நிற்பதில்லை. அங்கே அடிநீரும் 2 பாகைக்கோ அதற்குக் கீழோ இறங்கிவிடக்கூடும்.

அப்படியானால் எவ்வளவு ஆழம் வேண்டும்?

தென் ஒன்ராறியோவில் தங்கமீனுக்கு 90 சென்ரிமீற்றர் ஆழத்தையும், கோய் கெண்டைக்கு 1.2 முதல் 1.5 மீற்றர் ஆழத்தையும் குறைந்த அளவாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இங்கே வீட்டின் அத்திவாரத்தை 1.2 மீற்றர் ஆழத்துக்கு இறக்குவது, உறைபனி நிலத்துக்குள் அவ்வளவு தூரம் ஊடுருவக்கூடும் என்பதற்காகத்தான். தடாகம் முழுவதும் அந்த ஆழத்தில் இருக்கவேண்டியதில்லை. மீன்கள் எல்லாம் நெருக்கமின்றி ஒதுங்கக்கூடிய ஒரு பள்ளம் போதும்.

நிலத்துக்கு மேலே மரச்சட்டத்தாலோ கல்லாலோ கட்டி எழுப்பிய தொட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நாற்புறமும் குளிர்காற்று படுவதால் அவை பக்கங்களிலிருந்தும் உறையும். அவற்றின் சுவர்களுக்கு நுரைப்பலகை பதிப்பது அவசியம். அதைச் செய்ய முடியாவிட்டால் மீன்களை உள்ளே எடுத்துவிடுவதே நல்லது.

எந்த மீன்களை வெளியே விடலாம்?

ஒற்றை வாலும் நீண்ட உடலும் கொண்ட சாதாரணத் தங்கமீன், கொமெற், ஷுபுங்கின் ஆகியவை நன்றாகத் தாங்கும். உருண்டை உடலும் இரட்டை வாலும் கொண்ட ஒறண்டா, ரன்சு, கருப்பு மூர் போன்றவை தாங்கமாட்டா. அவற்றின் உடல் அமைப்பே நீந்துவதற்குச் சிரமமானது. காற்றுப்பை எளிதில் கோளாறாகும். செப்ரெம்பர் முடிவதற்குள் அவற்றை நிலவறையிலுள்ள மீன்தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். கோடையில் தடாகத்தில் விடும் வெப்பமண்டல மீன்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

கோய் கெண்டையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அது ஜப்பானில் பனி மிகுந்த நீகாட்டா மலைப்பகுதியில் உருவான மீன் ஆகையால் எந்தக் குளிரையும் தாங்கும் என்று விற்பவர்களே சொல்வார்கள். அது அங்கே உருவானது உண்மைதான். ஆனால் அதே நீகாட்டாவில் மீன் வளர்ப்பவர்கள், கோடை முழுவதும் மலைச் சேற்றுக் குளங்களில் வளர்ந்த கோய்களை ஒக்ரோபர் மாதத்தில் வலைபோட்டுப் பிடித்து, கூரையிட்ட உள்தொட்டிகளுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மீனை அறிந்தவர்களே அப்படிச் செய்யும்போது, ஆழமில்லாத தடாகத்தில் அதை விட்டுவிட்டு நாம் துணிவாக இருக்கலாகாது. நீர் 2 பாகைக்குக் கீழே பல வாரங்கள் நின்றால் கோய் நலிந்துவிடும்.

குளிர்காலத்துக்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு விடையை மட்டும் படிக்க உங்களுக்கு நேரம் இருக்குமானால், இதைப் படியுங்கள். ஜனவரியில் மீன் சாவதற்கான காரணம் பெரும்பாலும் ஒக்ரோபரில் செய்யாமல் விட்ட வேலையாகவே இருக்கும்.

இலை விழத் தொடங்குமுன்பே தடாகத்தின்மேல் வலை கட்டுங்கள். வலை நீரைத் தொடாதபடி நடுவில் உயர்த்திக் கட்டவேண்டும். இல்லாவிட்டால் நனைந்த இலைகளின் பாரத்தால் தாழ்ந்து, இலைச் சாற்றை எல்லாம் நீருக்குள் ஊறவிடும். இலைகள் முழுவதும் விழுந்து முடிந்தபின், நவம்பர் நடுப்பகுதியளவில், வலையை அகற்றி, அடியில் படிந்த சேற்றை நீண்ட கைப்பிடி வலையால் மெதுவாக வாரி எடுங்கள். அந்தச் சேறு குளிர்காலம் முழுவதும் அழுகிக்கொண்டே இருக்கும். அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்று, காபனீரொட்சைட்டையும், ஒட்சிசன் தீர்ந்துபோன இடங்களில் மெதேன், ஐதரசன் சல்பைட்டு ஆகிய வாயுக்களையும் வெளியிடும். மேலே பனிக்கட்டி மூடியிருந்தால் அவை போக வழியில்லை.

அதே வாரத்தில் நீரில் ஐந்தில் ஒரு பங்கை மாற்றிவிடுவது நல்லது. பட்டுப்போன அல்லித் தண்டுகளை வெட்டி அகற்றி, அல்லிச் சாடிகளை ஆழமான இடத்துக்கு இறக்குங்கள். தாமரை வளர்ப்பவர்கள் அதன் கிழங்கு உறையாத ஆழத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகள் முதல் உறைபனியிலேயே கருகி அழுகத் தொடங்கும் என்பதால் முன்னரே அள்ளி உரக்குவியலில் போடுங்கள்.

இன்னுமொன்று: மீன்களை எண்ணுங்கள். கோடையில் குஞ்சு பொரித்துப் பெருகியிருக்கும். நெருக்கமான தடாகம் கோடையில் வடிகட்டியின் உதவியோடு சமாளித்தாலும், குளிர்காலத்தில் சமாளிக்காது.

உணவை எப்போது நிறுத்த வேண்டும்?

காற்றின் வெப்பநிலையையோ நாட்காட்டியையோ பார்க்காமல், நீருக்குள் ஒரு வெப்பமானியைக் கட்டிவிட்டு அதைப் பார்த்து முடிவெடுங்கள். நீர் 15 பாகைக்குக் கீழே இறங்கியதும் புரதம் மிகுந்த உணவை நிறுத்தி, எளிதில் செரிக்கும் கோதுமை முளை உணவைச் சிறிதளவு கொடுக்கலாம். 10 பாகைக்குக் கீழே போய் அங்கேயே நின்றுவிட்டால் முற்றாக நிறுத்திவிடுங்கள்.

கெண்டை இனத்து மீன்களுக்கு இரைப்பை கிடையாது. உணவு நேரே குடலுக்குப் போகிறது. அங்கே அதைச் செரிக்கும் நொதிகள் குளிரில் மிக மெதுவாகவே வேலை செய்யும். கழிவாக வெளியேறும் அமோனியாவை மாற்றும் வடிகட்டிப் பக்டீரியாக்களும் 10 பாகைக்குக் கீழே சோர்ந்துவிடும். ஆகவே அந்த நேரத்தில் போடும் உணவு மீனின் உடலுக்குள்ளும் கெடுதி, நீருக்குள்ளும் கெடுதி.

இதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்வதுதான் சிரமம். டிசம்பரில் இரண்டு நாள் வெயில் எறித்து மீன் மேலே வந்து வாயைத் திறந்தால், "பாவம், பசிக்கிறது" என்று ஒரு பிடி சோறோ பாண் துண்டோ போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அம்மம்மா அப்படித்தான் செய்தார். அவருடைய இரக்கத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோடையில் தின்று சேர்த்த கொழுப்பைக் கொண்டு மீன் நான்கு ஐந்து மாதம் பட்டினி கிடக்கும் என்பதையும், அது அதற்கு இயல்பானது என்பதையும் பொறுமையாகச் சொன்னபோது கேட்டுக்கொண்டார். உணவு டப்பாவை எடுத்து ஒளித்து வைத்ததும் உதவியது.

பனிக்கட்டியில் துவாரம் எதற்கு? அதை எப்படித் திறந்து வைத்திருப்பது?

துவாரம் மீனுக்கு வெப்பம் கொடுப்பதற்காக அல்ல. கெட்ட வாயு வெளியேறவும் ஒட்சிசன் உள்ளே வரவும் ஒரு வழி வேண்டும் என்பதற்காகவே. ஆகவே தடாகம் முழுவதையும் உறையாமல் காக்க முயலவேண்டாம். ஒரு சோற்றுப் பானையின் வாயளவு திறந்திருந்தாலே பெரும்பாலான வீட்டுத் தடாகங்களுக்குப் போதும்.

இதற்கு இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, மிதக்கும் மின்சூடாக்கி. தன்னைச் சுற்றியுள்ள நீரை மட்டும் உருக்கி வைத்திருக்கும் இந்தக் கருவி, சில நூறு வாற்றுகளிலிருந்து 1500 வாற்றுகள் வரை கிடைக்கிறது. 1500 வாற்றுக் கருவி நாள் முழுவதும் ஓடினால் 36 யுனிற் மின்சாரம் செலவாகும் என்பதால், குளிரை அறிந்து தானாக நின்று இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவி உள்ளதையே வாங்குங்கள். சிறிய தடாகத்துக்கு 300 வாற்றளவு போதும். அது முழு நாள் ஓடினாலும் 7.2 யுனிற்தான்.

மற்றது, காற்றுப் பம்பி. எழும் குமிழிகள் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் அந்த இடம் உறையாது; ஒட்சிசனும் கரையும். 30 வாற்றுப் பம்பிக்கு ஒரு நாளைக்கு ஒரு யுனிற்றுக்கும் குறைவாகவே செலவு. ஆனால் குமிழிக் கல்லை அடியில் வைக்கக்கூடாது. அடியிலிருந்து எழும் குமிழிகள், மீன் ஒதுங்கி நிற்கும் மிதமான நீரை மேலே தூக்கி, மேலேயுள்ள பனிநீரைக் கீழே தள்ளிவிடும். மேற்பரப்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் ஆழத்தில், மீன்கள் நிற்கும் பள்ளத்துக்கு எதிர்ப்பக்கத்தில் தொங்கவிடுங்கள். பம்பியை மழையும் பனியும் படாத இடத்தில், நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியுமென்றால், காற்றுப் பம்பியையே நான் சொல்வேன். ஆனால் மைனஸ் 20 பாகை இரவுகளில் குமிழி எழும் இடத்தின்மேலும் பனிக்கட்டி குவிமாடம்போல் வளர்ந்து மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட வாரங்களில் தினமும் காலையில் எட்டிப் பார்க்க வேண்டும். எந்தக் கருவியானாலும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்புள்ள வெளிப்புறச் செருகியில் மட்டுமே இணைக்க வேண்டும்.

பனிக்கட்டியின்மேல் குவியும் பனியில் ஒரு பகுதியைத் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். வெளிச்சம் உள்ளே போனால் பாசியும் நீர்ச்செடிகளும் கொஞ்சமேனும் ஒட்சிசன் உண்டாக்கும். கரையில் நின்றபடியே தள்ளுங்கள். பனிக்கட்டியின்மேல் ஏறக்கூடாது, குழந்தைகளையும் ஏறவிடக்கூடாது.

ஒரு காலையில் எழுந்து பார்த்தால் முழுவதும் மூடிவிட்டது. உடைக்கலாமா?

சுத்தியலாலோ மண்வெட்டியாலோ ஒருபோதும் அடிக்காதீர்கள். அடியின் அதிர்வு நீரில் மிக வேகமாகப் பரவி, அசையாமல் நிற்கும் மீனின் காற்றுப்பையையும், அதிர்வை உணரும் பக்கக்கோட்டு உறுப்பையும் தாக்கும். பெரிய அலுமினியப் பானையில் கொதிநீரை நிரப்பி, கயிறு கட்டி, பனிக்கட்டியின்மேல் வையுங்கள். ஆறியதும் எடுத்து மீண்டும் நிரப்பி வைக்கவேண்டும். தடித்த பனிக்கட்டிக்கு நான்கு ஐந்து தடவையாவது ஆகும். கொதிநீரை நேரே தடாகத்தில் ஊற்றுவது சரியல்ல. துவாரம் விழுந்தவுடன் குமிழிக் கல்லைத் தொங்கவிடுங்கள். துவாரத்திலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால், அடியில் சேறு அழுகுகிறது என்று பொருள். காற்றுப் பம்பியை இரவும் பகலும் ஓடவிடுங்கள்.

நீர்வீழ்ச்சியையும் வடிகட்டியையும் ஓடவிடலாமா?

நிறுத்திவிடுவதே நல்லது. வீழ்ந்து ஓடும் நீர் குளிர்காற்றில் மேலும் குளிர்ந்து திரும்பி வரும். அதைவிட, ஓடையின் ஓரங்களில் பனிக்கட்டி அணைபோல் வளர்ந்து, நீரை வெளியே திருப்பி, ஒரே இரவில் தடாகத்தைப் பாதியாக வற்றச்செய்துவிடக்கூடும். பம்பியைக் கழற்றி, நிலவறையில் ஒரு வாளி நீருக்குள் அமிழ்த்தி வைத்தால் அதன் இரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கமாட்டா. குழாய்களில் நீர் தேங்கவிடாதீர்கள். உறையும்போது நீரின் கனவளவு ஏறத்தாழ 9 வீதம் பெருகுவதால் குழாய் பிளந்துவிடும். புறஊதா விளக்கின் கண்ணாடி உறையையும் மறக்காமல் கழற்றி உள்ளே வையுங்கள்.

மின்சாரம் நின்றுபோனால்?

2013 டிசம்பர் 21, 22 ஆம் திகதிகளில் பெய்த உறைமழையில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன; சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலாகவும் மின்சாரம் வரவில்லை. ஆகவே இது வீண் கவலை அல்ல. ஆனால் பதறவும் தேவையில்லை. சுத்தமான, நெருக்கமில்லாத தடாகத்தில், துவாரம் சில நாட்கள் மூடியிருந்தாலும் மீன்கள் தாங்கும். மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுப் பம்பி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். எரிவாயு அடுப்பு உள்ளவர்களுக்குப் பானை முறையும் இருக்கிறது.

குளிர்காலத்தில் நீர் குறைந்தால் குழாய்நீரை நிரப்பலாமா? உப்பு போடலாமா?

நிரப்பலாம், ஆனால் கவனமாக. ரொறன்ரோக் குழாய்நீரில் குளோரினோடு அமோனியாவும் சேர்த்து உண்டாக்கப்படும் குளோரமின் இருக்கிறது. ஊரில் செய்ததுபோல் வாளியில் ஓர் இரவு வைத்தால் அது போய்விடாது. குளோரினை மட்டுமன்றி, குளோரமின் பிரியும்போது எஞ்சும் அமோனியாவையும் கட்டுப்படுத்தும் மருந்தைப் போட்டபின், சிறிது சிறிதாக விடுங்கள்.

தடாகம் உறையாமலிருக்க உப்புப் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். உறைநிலையைக் கணிசமாகக் குறைக்கவேண்டிய அளவு உப்பு, மீனைக் கொல்லும் அளவு உப்பு. நடைபாதையில் பனி உருகத் தூவும் உப்பு வழிந்து தடாகத்துக்குள் இறங்கும் சாய்வு இருந்தால், அங்கே உப்புக்குப் பதிலாக மணலைத் தூவுங்கள்.

மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. உள்ளே எடுத்துவிடலாமா?

அடியில் நிமிர்ந்து அசையாமல் நின்றால் அது இயல்பு, விட்டுவிடுங்கள். சாய்ந்து கிடந்து, செவுள் மட்டும் அசைகிறதென்றால் நீர் அளவுக்குமீறிக் குளிர்ந்திருக்கலாம். முதலில் நீரின் வெப்பநிலையைப் பாருங்கள். உள்ளே எடுக்கத்தான் வேண்டுமென்றால், அதே தடாக நீரை நிரப்பிய பெரிய தொட்டியில் விட்டு, சூடாக்காத வாகனக் கொட்டகையில் வையுங்கள். நாளொன்றுக்கு ஓரிரு பாகைக்கு மேல் வெப்பம் ஏறக்கூடாது. 2 பாகையில் கிடந்த மீனை 21 பாகையுள்ள வரவேற்பறைக்கு நேரே கொண்டுவருவது அதைக் கொல்வதற்குச் சமம். துள்ளி வெளியே விழாமல் தொட்டியின்மேல் வலை கட்டுங்கள். உள்ளே எடுத்த மீனை வசந்தம் வரும்வரை திரும்ப வெளியே விடவும் முடியாது என்பதை நினைவில் வைத்து முடிவெடுங்கள்.

தங்கமீன் ஒட்சிசன் இல்லாமலே வாழுமாமே?

ஓரளவு உண்மை. ஒட்சிசன் தீர்ந்துவிட்டால் பெரும்பாலான உயிர்களின் உடலில் இலக்ரிக் அமிலம் சேர்ந்து கொல்லும். தங்கமீனும் அதன் நெருங்கிய உறவான குருசியன் கெண்டையும் அதை மதுசாரமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடுகின்றன. அதற்குக் காரணமான நொதிகளை ஒஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் விளக்கினார்கள். இந்த அரிய ஆற்றலால் தங்கமீன் மிகக் குளிர்ந்த நீரில் சில நாட்கள் ஒட்சிசனின்றித் தாக்குப்பிடிக்கும்; கோய் கெண்டைக்கு இந்த ஆற்றல் இல்லை. ஐதரசன் சல்பைட்டு போன்ற நச்சு வாயுக்களிலிருந்து எதையும் இது காப்பாற்றாது.

குளிர்காலத்தில் பராமரிக்க முடியாவிட்டால் அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. வளர்ப்பு மீனை இயற்கை நீர்நிலையில் விடுவது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். இந்தக் குளிரையும் ஒட்சிசன் குறைவையும் தாங்கும் ஆற்றலே தங்கமீனை ஆபத்தான குடியேறியாக்குகிறது. ஹமில்ரன் துறைமுகத்திலும், குடியிருப்புகளுக்கு நடுவேயுள்ள மழைநீர்த் தேக்கங்களிலும் யாரோ விட்ட தங்கமீன்கள் பெருகி, அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி, நீர்ச்செடிகளை வேரோடு அழித்து, உள்ளூர் மீன்களின் வாழிடத்தைக் கெடுத்துவருகின்றன. மழைநீர்த் தேக்கம் வேலிக்குள் தனித்துக் கிடப்பதுபோல் தோன்றினாலும், பெருமழையில் அது ஓடைக்குள் வழியும். மீனை வாங்கிய கடையிலோ, தடாகம் வைத்திருக்கும் நண்பரிடமோ கேட்டுப் பாருங்கள்.

பனி உருகியபின் மீன்கள் சாவது ஏன்?

மார்ச், ஏப்ரல் மாதங்களே மிகவும் ஆபத்தானவை. நீர் 5 பாகையிலிருந்து 12 பாகை வரை ஏறும் வாரங்களில், ஏரோமோனாஸ் போன்ற பக்டீரியாக்களும் சில ஒட்டுண்ணிகளும் மீனுக்கு முன்னரே விழித்துக்கொள்கின்றன. நான்கு மாதம் பட்டினி கிடந்து மெலிந்த மீனின் நோயெதிர்ப்பு அதற்குப் பல வாரங்கள் கழித்தே பலமடைகிறது. தோலில் புண், துடுப்புகளில் சிவப்பு, கல்லில் உடலைத் தேய்ப்பது ஆகிய அறிகுறிகளைத் தினமும் தேடுங்கள்.

பனி உருகியவுடன் அடியில் எஞ்சிய இலைகளை, மீனைத் துரத்தாமல், மெதுவாக அள்ளுங்கள். குளோரமின் நீக்கிய நீரால் பத்தில் ஒரு பங்கை வாரமொரு முறை மாற்றுங்கள். நீர் 10 பாகைக்கு மேல் ஏறி, இரவிலும் இறங்காமல் ஒரு வாரம் நின்றபின்பே, ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கக்கூடிய அளவு கோதுமை முளை உணவைப் போடுங்கள். வடிகட்டியை மீண்டும் ஓடவிட்டதும் பக்டீரியா திரும்பிப் பெருகப் பல வாரங்கள் ஆகும். அதுவரை அமோனியாவை அளந்து பார்த்தே உணவைக் கூட்ட வேண்டும்.